சைக்கிள் கடைக்காரர் கற்ற பாடம்: கடல் கடந்த ஆன்லைன் விலையும் நம் கடை விலையும்



பருப்பும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்கிற நான் சைக்கிள் உதிரி பாகங்களைப் பற்றி எழுத வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் சென்ற ஆண்டு என் கடைக்கு வந்தார். கைபேசியை என் மேசை மீது வைத்து, "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. உங்க விலைக்கும் இதுக்கும் மூட்டைக்கு இவ்வளவு வித்தியாசம் வருதே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கேட்டது நியாயமான கேள்வி. நான்தான் பொறுமை இழந்தேன். "அப்படின்னா அங்கேயே வாங்கிக்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவரும் மறு பேச்சு பேசாமல் எழுந்து போனார். அடுத்த வாரம் அவருடைய சிட்டை வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

அன்று இரவு எனக்கு ஆஸ்திரேலியாவில் பார்த்த ஒரு சைக்கிள் கடை நினைவுக்கு வந்தது. என் நிலையிலேயே அந்தக் கடைக்காரரும் இருந்தார். ஆனால் அவர் நடந்துகொண்ட முறை வேறு. அந்தக் கடையும், அந்தத் தொழிலும் கடந்த இருபது ஆண்டுகளில் பட்ட பாடும் நமக்கு ஒரு முழுப் பாடமாக அமையும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

மெல்போர்னில் பார்த்தது

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் மகன் வீட்டில் தங்க மெல்போர்ன் சென்றிருந்தேன். அவன் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவான். சைக்கிளில் பெடல் தண்டுகள் இரண்டையும் தாங்கிச் சுழலும் அச்சு ஒன்று உண்டு. நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் பி.பி. அச்சு என்பார்கள். அது தேய்ந்துபோகவே, இங்கிலாந்தில் உள்ள ஓர் ஆன்லைன் கடையில் புதிதாக வரவழைத்தான். வந்து சேர ஒன்றரை வாரம் ஆயிற்று. பிரித்துப் பார்த்தால் மரை சேரவில்லை. அவன் சைக்கிள் சட்டத்தில் இருந்தது இங்கிலாந்து முறை மரை. அவன் வாங்கியது இத்தாலி முறை. இத்தாலி மரை 36 மில்லிமீட்டர் விட்டம். இங்கிலாந்து மரை அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. அது மட்டுமல்ல, இங்கிலாந்து முறையில் சங்கிலிப் பக்கத்து மரை இடப்புறமாகத் திருப்பினால்தான் இறுகும். இத்தாலி முறையில் இரண்டு பக்கமும் வலப்புறமாகத் திருப்ப வேண்டும். படத்தைப் பார்த்து வாங்கியவனுக்கு இது எப்படித் தெரியும்?

அந்தப் பொருளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் முகம் சுளிப்பார், "எங்கே வாங்கினாயோ அங்கே போ" என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. பொருளைக் கையில் வாங்கி, சட்டத்தையும் அதையும் அளந்து காட்டி, எது சேரும் என்று விளக்கினார். சேரும் பொருளைத் தம் அலமாரியிலிருந்து எடுத்தார். விலை ஆன்லைன் விலையைவிட அதிகம்தான். மகன் வாங்கிக்கொண்டான்.

சுவரில் ஒரு கூலிப் பட்டியல் மாட்டியிருந்தது. அதில் இரண்டு வரிசைகள். கடையில் வாங்கிய பொருளைப் பொருத்த ஒரு கூலி. வெளியில் வாங்கி வந்த பொருளைப் பொருத்த அதைவிடச் சற்றுக் கூடுதலான கூலி. நானும் வியாபாரி என்று மகன் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை மகன் எனக்கு மொழிபெயர்த்தான். "உங்கள் பையன் வாங்கிய விலைக்கு எனக்கே அந்தச் சரக்கு கிடைக்காது. அதற்காக அவனைத் திட்டினால் அவன் சைக்கிளும் என் கடைக்கு வராது."

வாடிக்கையாளர் வாங்கும் விலை கடைக்காரரின் கொள்முதல் விலையைவிடக் குறைவு! இது எப்படி நடக்கிறது? இங்கேதான் நம் பாடம் தொடங்குகிறது.

பெரிய கடையும் சின்னக் கடையாகப் பிறந்ததுதான்

அந்தக் காலத்தில் உலகமெங்கும் சைக்கிள் பாகங்களை ஆன்லைனில் விற்றதில் இரண்டு பெயர்கள் முன்னணியில் இருந்தன. ஒன்று செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ். மற்றொன்று விக்கிள்.

செயின் ரியாக்‌ஷன் 1980களின் நடுவில் வட அயர்லாந்தில் பாலினூர் என்னும் சிற்றூரில் ஒரு குடும்பம் தொடங்கிய சைக்கிள் கடை. விக்கிள் 1999இல் இங்கிலாந்தின் துறைமுக நகரான போர்ட்ஸ்மத்தில், அங்கிருந்த ஓர் உள்ளூர்ச் சைக்கிள் கடையிலிருந்து முளைத்தது. இரண்டுமே நம்மைப் போன்ற தெருக்கடைகள்தான். தபால் மூலம் விற்கத் தொடங்கி, பிறகு இணையத்தில் விற்று, கடைசியில் கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் பொட்டலம் அனுப்பும் நிறுவனங்களாக வளர்ந்தன. 2016இல் இரண்டும் இணைந்து ஒரே நிறுவனமாயின. ஆகவே "பெரிய முதலாளிகள் வந்து நம்மைக் கெடுத்தார்கள்" என்ற பேச்சு இந்தக் கதைக்கு முழுவதும் பொருந்தாது. முதலில் புதிய வழியைப் பார்த்தவர்கள் கடைக்காரர்களே.

விலை எங்கே குறைகிறது?

கணக்குப் புரிவதற்காக ரூபாயில் போடுகிறேன். இவை என் உதாரண எண்கள். எந்தக் கடையின் கணக்கும் அல்ல.

தயாரிப்பாளர் ஒரு பாகத்தை 100 ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். ஆஸ்திரேலியாவில் அதை இறக்குமதி செய்யும் மொத்த விநியோகஸ்தருக்குக் கப்பல் கூலி, சுங்கம் சேர்த்து 110 ஆகிறது. அவர் நூற்றுக்கு முப்பது வைத்துக் கடைக்காரருக்கு 143க்குக் கொடுக்கிறார். கடைக்காரர் வாடகை, ஆள் கூலி, தேங்கும் சரக்கு எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு நாற்பது வைத்தால் 200 ஆகிறது. அந்த நாட்டு ஜி.எஸ்.டி. பத்து சதவீதம். ஆக வாடிக்கையாளர் தருவது 220.

இனி ஆன்லைன் கடையின் கணக்கு. அவர் ஆயிரக்கணக்கில் வாங்குவதால் 95க்கே கிடைக்கிறது. இடையில் விநியோகஸ்தர் இல்லை. முப்பது ரூபாய் வைத்து 125. தபால் செலவு 5. ஆக 130. ஏற்றுமதி என்பதால் இங்கிலாந்தின் விற்பனை வரி அந்தப் பொட்டலத்துக்குக் கிடையாது. அங்கே அந்த வரி 2011 முதல் இருபது சதவீதம். அதாவது இங்கிலாந்தில் இருப்பவர் கட்டும் வரியைக் கூட ஆஸ்திரேலியாக்காரர் கட்ட வேண்டியதில்லை. மறுபக்கம் ஆஸ்திரேலியாவில் 1,000 டாலருக்கு மேற்படாத இறக்குமதிப் பொட்டலத்துக்கு அப்போது ஜி.எஸ்.டி.யும் இல்லை, சுங்கமும் இல்லை. ஒரு நாட்டு வரியும் இல்லாமல் பொருள் வீடு வந்து சேர்ந்தது.

ஒருபுறம் 220. மறுபுறம் 130. கடைக்காரரின் கொள்முதலோ 143.

இதோடு இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்தன. முதலாவது, நாணய மாற்று. 2008இல் ஓர் ஆஸ்திரேலிய டாலருக்கு அரை பவுண்டு கூடக் கிடைக்கவில்லை. 2012இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பவுண்டு கிடைத்தது. இங்கிலாந்துக் கடை விலையைக் குறைக்காமலே ஆஸ்திரேலியருக்கு அது மலிவாகிவிட்டது. இரண்டாவது, தொழிற்சாலைச் சரக்கு. புதுச் சைக்கிள் பூட்டும் தொழிற்சாலைகளுக்குப் பாகங்களை மொத்தமாக, அட்டைப்பெட்டி அலங்காரம் இல்லாமல், மிகக் குறைந்த விலைக்குத் தருவது வழக்கம். அந்தச் சரக்கில் மிஞ்சியது வெளிச்சந்தைக்குக் கசிந்து ஆன்லைன் கடைகளில் விற்றது. பொருள் ஒன்றே. ஆனால் அது வந்த வாசல் வேறு.

நமக்கு இது புதிதல்ல. ஒரே சோப்பு சில்லறைக் கடைக்கு ஒரு விலை, பெருங்கடைக்கு ஒரு விலை என்று வருவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? 2022 ஜனவரியில் நம் நாட்டு நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் எல்லா வழிக்கும் ஒரே விலை கேட்டுப் போராடியதும் இதே காரணத்துக்காகத்தான்.

வரிப் போராட்டம் தந்ததும் தராததும்

ஆஸ்திரேலிய வணிகர்கள் சும்மா இருக்கவில்லை. "எங்களுக்குப் பத்து சதவீத வரி, வெளிநாட்டானுக்கு வரியில்லையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேட்ட விதத்தில் ஒரு பிழை நேர்ந்தது. 2010 முடிந்து 2011 பிறக்கும் சமயத்தில் அந்நாட்டின் பெரிய சில்லறை நிறுவனங்கள் கூடிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துப் பிரசாரம் செய்தன. மக்களோ, "இத்தனை நாள் எங்களிடம் அதிக விலை வாங்கிய நீங்களா வரியைப் பற்றிப் பேசுவது?" என்று அவர்கள் மீதே பாய்ந்தார்கள். வாடிக்கையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாக அவர்களுக்குப் பட்டுவிட்டது.

அதே 2011இல் அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் இதை ஆராய்ந்தது. வரிவிலக்கு வரம்பைக் குறைப்பது கொள்கை அளவில் சரியே. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் துறைமுகத்தில் நிறுத்தி வசூலித்தால் வசூலிக்கும் செலவு வரியையே தின்றுவிடும் என்று அது கூறியது. ஏழு ஆண்டு கழித்து வழி பிறந்தது. 2018 ஜூலை 1 முதல், ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் விற்கும் வெளிநாட்டுக் கடைகள் தாமே பதிவு செய்து, விற்கும்போதே ஜி.எஸ்.டி. வசூலித்துக் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது.

பிற நாடுகளும் இந்த வழியில் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த விற்பனை வரி விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது. அமெரிக்கா 2016இல் 800 டாலர் வரை உயர்த்திய சுங்க விலக்கை 2025 ஆகஸ்டு 29 முதல் எல்லா நாட்டுப் பொட்டலங்களுக்கும் நிறுத்தியது.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 130 ரூபாய்ப் பொருளுக்குப் பத்து சதவீதம் வரி போட்டால் 143. கடை விலை 220. முன்பு இருந்த வித்தியாசம் 90. இப்போது 77. அத்தனை ஆண்டுப் போராட்டம் தொண்ணூறில் பதின்மூன்றை மட்டுமே சரி செய்தது. மற்றதெல்லாம் இடையில் இருக்கும் அடுக்குகளிலும், வாங்கும் அளவிலும் இருக்கிறது.

வரி நியாயம் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சங்கம் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் அது கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையைத் திருத்தாமல் காத்திருந்தவர் ஏமாந்தார்.

தபாலில் அனுப்ப முடியாதது எது?

அப்படியானால் அந்த ஊர்ச் சைக்கிள் கடைகள் எல்லாம் மூடியிருக்க வேண்டுமே? பல மூடின, பல நிலைத்தன. நிலைத்தவர்கள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடை போட்டார்கள். அதை நான்கு கேள்விகளாக நான் வகுத்துக்கொண்டேன்.

1. எடை குறைந்து விலை கூடிய பொருளா? பல்சக்கரத் தொகுதி, கியர் மாற்றி போன்றவை கைக்குள் அடங்கும், விலையோ அதிகம். இவை தபாலில் போகும். முழுச் சைக்கிள், சக்கரம் போன்ற பருத்த பொருளுக்கு அனுப்பும் செலவு ஆதாயத்தைத் தின்னும்.

2. இன்றே வேண்டுமா? டியூப் வெடித்தவர் பத்து நாள் காத்திருக்க மாட்டார். பிரேக் கட்டை தேய்ந்தவரும் அப்படியே.

3. பொருந்துமா என்ற சந்தேகம் உண்டா? டயரை எடுத்துக்கொள்ளுங்கள். "26 அங்குலம்" என்று பெயர் எழுதிய டயர்கள் எல்லாம் ஒரே அளவல்ல. 26 x 1⅜ என்றால் டயர் ரிம்மில் அமரும் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 x 1.75 என்றால் 559. ஒன்று மற்றதில் ஏறாது. நம் ஊர்ப் பழைய பெரிய சைக்கிளின் 28 x 1½ டயர் 635 மில்லிமீட்டர். பந்தய சைக்கிளின் 700சி டயர் 622. அதிலும் சில டயர்களில் 28 என்றே அச்சிட்டிருக்கும். சங்கிலியும் அப்படித்தான். கண்ணிக்குக் கண்ணி நீளம் எல்லாவற்றிலும் அரை அங்குலம்தான். ஆனால் எட்டு கியர்ச் சங்கிலி சுமார் 7 மில்லிமீட்டர் அகலம். பதினோரு கியர்ச் சங்கிலி சுமார் ஐந்தரை. தவறாக வாங்கியவருக்குத் திருப்பி அனுப்பும் தபால் செலவும், காத்திருக்கும் நாட்களும் நட்டம்.

4. வாங்கிய பிறகு வேலை உண்டா? பூட்டுதல், சரிசெய்தல், பழுதானால் மாற்றித் தருதல். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் வெளிநாட்டு விற்பனையாளருக்கும் பொருந்தும் என்றாலும், கடல் கடந்த கடையிடம் அதை நிலைநாட்டுவது எளிதல்ல. தெருமுனைக் கடையிடம் நேரில் போய்க் கேட்கலாம்.

முதல் கேள்விக்கு மட்டும் "ஆம்", மற்ற மூன்றுக்கும் "இல்லை" என்று வரும் பொருளில் ஆன்லைன் கடையோடு மோதுவது வீண். அந்தச் சரக்கை அலமாரியில் அடுக்கி முதலை முடக்க வேண்டியதில்லை. மற்ற மூன்றில் ஒன்றிரண்டு "ஆம்" என்றால் அது உங்கள் சரக்கு. அங்கே இருப்பு குறையவே கூடாது. மெல்போர்ன் கடைக்காரர் பல்சக்கரத் தொகுதிகளைக் கொஞ்சமாகவும், டியூப், டயர், பிரேக் கட்டை, கம்பிவடம் ஆகியவற்றை நிறையவும் வைத்திருந்தார். கடையின் முன்பக்கம் சுருங்கி, பின்பக்கப் பட்டறை பெருத்திருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளூர்க் கடைகளின் மேல் வாடிக்கையாளர் சொன்ன குறைகள் எல்லாம் பொய்யல்ல. "இருப்பு இல்லை, வரவழைத்துத் தருகிறேன், மூன்று வாரம் ஆகும்" என்று சொல்லும் கடைக்கும் ஆன்லைனுக்கும் என்ன வித்தியாசம்? அவரே வீட்டில் இருந்தபடி ஒன்றரை வாரத்தில் வரவழைத்துக்கொள்வாரே. விலை கேட்டவரை அலட்சியமாகப் பார்ப்பது, விவரம் தெரியாத பையனை நிறுத்திவிட்டு முதலாளி வெளியே போய்விடுவது, இவையெல்லாம் வாடிக்கையாளரைக் கைபேசியை நோக்கித் தள்ளிய கைகள்தான்.

மலிவு விலைக்கும் ஒரு முடிவு உண்டு

கதையின் கடைசிப் பகுதியையும் சொல்ல வேண்டும். விலையால் வென்ற அந்த இணைந்த நிறுவனம் என்ன ஆயிற்று?

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா காலத்தில் உலகமெங்கும் சைக்கிளுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. அந்த உச்சத்தில், 2021இல், ஜெர்மனியின் சிக்னா ஸ்போர்ட்ஸ் யுனைடெட் நிறுவனம் இதை வாங்கியது. அதே 2021 முதல் இங்கிலாந்து ஐரோப்பியச் சந்தையை விட்டு விலகியதால், ஐரோப்பாவுக்குப் பொட்டலம் அனுப்புவதில் சுங்கமும் தாமதமும் சேர்ந்தன. அதற்கு முன்பே, 2018 வாக்கில், பெரிய பாக நிறுவனங்கள் சிலவற்றின் சரக்கை அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாத கட்டுப்பாடும் வந்துவிட்டது. கிராக்கி காலத்தில் கொடுத்த ஆர்டர்கள் எல்லாம் கிராக்கி தணிந்த பிறகு வந்து இறங்கின. கிடங்கு நிறைந்தது, விலையைக் குறைத்துத் தள்ள வேண்டியதாயிற்று. 2023 அக்டோபரில், தருவதாகச் சொன்ன 15 கோடி யூரோவைத் தாய் நிறுவனம் தர மறுத்துவிட்டது. அதே மாதத்தில் விக்கிளும் செயின் ரியாக்‌ஷனும் திவால் நிர்வாகியின் கைக்குப் போயின. சரக்குக் கொடுத்த பலரின் பாக்கி நின்றது. 2024இல் ஃப்ரேசர்ஸ் குழுமம் அந்தப் பெயர்களை மட்டும் விலைக்கு வாங்கியது.

இதைக் கேட்டு மகிழ வேண்டாம். ஒரு பெரிய கடை விழுந்தால் இன்னொன்று எழும். நாம் அறிய வேண்டியது வேறு. கிராக்கியை நிரந்தரம் என்று நம்பிச் சரக்கைக் குவிப்பதும், பிறர் பணத்தை நம்பி லாபமில்லா விலைக்கு விற்பதும் பெரியவரையும் சாய்க்கும். அவர்கள் விலையைப் பார்த்து நாமும் அடக்க விலைக்குக் கீழே இறங்கினால், நம்மைத் தாங்கத் தாய் நிறுவனமும் கிடையாது.

நம் கடைக்கு இதிலிருந்து என்ன?

மேற்சொன்ன நான்கு கேள்விகளை மளிகைக்கு வைத்துப் பாருங்கள். சோப்பு, ஷாம்பு, குழந்தைத் துணி, பாக்கெட் எண்ணெய் ஆகியவற்றில் பெயரும் அளவும் எங்கும் ஒன்றே. பொருந்துமா என்ற சந்தேகமே இல்லை. ஆன்லைன்காரர் அடிப்பது இங்கேதான். அரிசியும் பருப்பும் வத்தலும் அப்படியல்ல. புது அரிசியா, பழைய அரிசியா. இந்தப் பருப்பு சீக்கிரம் வேகுமா. இந்த உளுந்து மாவு காணுமா என்று கேட்கும் இல்லத்தரசிக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். கல்யாண வீட்டுச் சாமான் பட்டியல் போட்டுத் தருவதும், விசேஷம் முடிந்து மிஞ்சிய பிரிக்காத மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் நம்மால்தான் முடியும். பெருநகரங்களில் சில நிமிடங்களில் வீட்டுக்கே கொண்டுவரும் ஏற்பாடு வந்துவிட்டதால், "அவசரத்துக்கு நம்மிடம்தான் வருவார்கள்" என்ற ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. நம் அறிவும் பின்வேலையும்தான் துணை.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. நானும் அதில் ஒருவன். உதாரணக் கணக்கில் 110ஐ 143 ஆக்கிய அடுக்கு நாம்தான். முதலில் நீக்கப்படுவதும் நாம்தான். ஆகவே "என் அடுக்கு எந்த வேலையைச் செய்து அந்தக் காசை வாங்குகிறது?" என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் இல்லையென்றால் நம்மை யாரும் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். என்னிடம் இருபத்தொரு நாள் தவணைக்குச் சரக்குத் தருகிறேன். கல், தூசி நீக்கித் தரம் பிரிக்கிறேன். கடை வாசலில் இறக்கித் தருகிறேன். வண்டு விழுந்தால் மாற்றித் தருகிறேன். இவை எல்லாவற்றையும் மூட்டை விலைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தேன். கைபேசியில் தெரிந்ததோ ரொக்க விலை. தவணை விலையையும் ரொக்க விலையையும் பக்கத்தில் வைத்தால் என் விலை அதிகமாகத்தான் தெரியும். தவறு என் சிட்டையில் இருந்தது. மெல்போர்ன்காரர் கூலியைத் தனியாக எழுதிச் சுவரில் மாட்டியதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. செய்கிற வேலைக்குத் தனி விலை எழுதாதவன், பொருளின் விலையில் தோற்றுப் போவான்.

இந்த மாதம் செய்து பார்க்க ஒரு கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையில் அதிகம் ஓடும் முப்பது சரக்குகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டம்.

முதல் கட்டத்தில் உங்கள் உண்மையான அடக்க விலை: லாரி வாடகை, இறக்குக் கூலி, சேதாரம், தவணை வட்டி எல்லாம் சேர்த்து. இரண்டாவதில் ஆன்லைன் விலை: அனுப்பும் செலவு, வரி சேர்த்து, கையில் வந்து சேரும் விலை. தள்ளுபடி நாளின் விலையை எழுத வேண்டாம்; சாதாரண நாளின் விலையை எழுதுங்கள். மூன்றாவதில், மேலே சொன்ன நான்கு கேள்விகளில் எத்தனை உங்களுக்குச் சாதகம் என்பது. நான்காவதில் முடிவு: இருப்பைக் கூட்டுவதா, குறைப்பதா, ரொக்க விலை தனியாகப் போடுவதா.

எழுதி முடித்தபின், அவர்களுடைய விலை உங்கள் கொள்முதலைவிடக் குறைவாக இருக்கும் சரக்குகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்துச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனி ஒருவர் கேட்டால் கம்பெனி காது கொடுக்காது. நூறு கடையின் கணக்கை ஒன்றாக வைத்து, "எங்களுக்கு ஏன் இந்த விலை?" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

முடிவாக, அந்தச் சில்லறைக் கடைக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் நானே அவர் கடைக்குப் போனேன். இருபத்திரண்டு ஆண்டில் பாக்கி கேட்காமல் நான் அவர் கடைப் படியேறியது அன்றுதான் முதல் முறை. நோட்டை விரித்து ரொக்க விலை, தவணை விலை இரண்டையும் காட்டினேன். அவருடைய பதினான்கு சரக்கில் ஐந்தில் என்னால் ரொக்கத்திலும் அந்த விலைக்கு வர முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார்.

அந்த ஐந்தையும் அவர் இன்றும் கைபேசியில்தான் வாங்குகிறார். மீதி ஒன்பதுக்கு வாரா வாரம் அவர் சிட்டை எனக்கு வருகிறது.